இல்லை என்று சொன்ன கடிதங்கள்

நாடு குடியரசான வருஷம் எனக்கு இருபத்தாறு வயது. ராமநாதபுரத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் இடையில், பஸ் போகும் சாலையோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் போஸ்ட் மாஸ்டராக இருந்தேன். பெயர்தான் பெரிது. ஓட்டுக் கட்டடம், ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு தராசு, அரக்கு உருக்க ஒரு விளக்கு. பின்பக்கம் இரண்டு அறைகளில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். எனக்குக் கீழே ஒரே ஒரு தபால்காரர். காலை பஸ்ஸில் பை வரும், பிற்பகல் பஸ்ஸில் பை போகும். அவ்வளவுதான் உத்தியோகம்.

குடியரசு நாளன்று பள்ளிக்கூட மைதானத்தில் கொடி ஏற்றினார்கள். தலைமையாசிரியர் அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசினார். இனி இந்த நாட்டில் ஒருவன் தன் மனத்தில் உள்ளதைப் பயமில்லாமல் பேசலாம், காரணம் சொல்லாமல் யாரையும் பிடித்து வைக்க முடியாது என்றார். நான் முன்வரிசையில் நின்று கைதட்டினேன். அது வெறும் ஒப்புக்குத் தட்டியது இல்லை. அவர் சொன்னதை நிஜமாகவே நம்பினேன்.

அது நடந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. மாசி மாதம், அறுவடை முடியும் சமயம். எங்கள் ஊரிலிருந்து மேற்கே நாலு மைல் உள்ளே தள்ளி இருந்த கிராமத்தில் ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கூலிக்கு அறுப்பு அறுக்கிறவர். முப்பது வயதுகூட இருக்காது. நாலாம் வகுப்பு வரை படித்திருந்ததால் கூலிக்காரர்களுக்கு அவர்தான் பத்திரிகை படித்துக் காட்டுவார். கூலி நெல்லில் பதரைக் கலந்து போடுகிறார்கள், தூற்றிய நெல்லாகக் கொடுத்தால்தான் வாங்குவோம் என்று அவர் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு நாற்பது ஐம்பது பேர் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒரு வைக்கோல் போரில்கூடத் தீப்பொறி விழவில்லை. மூன்றாம் நாள் களத்திலேயே வைத்து அவரைப் பிடித்தார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. தடுப்புக் காவல் என்றார்கள். வடக்கே ஏதோ ஒரு பெரிய சிறைக்குக் கொண்டுபோய்விட்டதாகப் பேச்சு. அப்போது அவர் மனைவிக்கு ஆறு மாதம்.

எங்கள் குடும்பத்துக்குத் திருப்புல்லாணிப் பக்கம் நிலம் உண்டு. விஷயம் கேள்விப்பட்டு என் தகப்பனார் சொன்னார்: "நல்லதாப் போச்சு. விட்டா நாளைக்கு நம்ம களத்துலயும் வந்து உக்காரச் சொல்லுவான்." நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கைதட்டியது ஞாபகம் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் எஸ்.ஐ. தபாலாபீசுக்கு வந்தார். வாட்டசாட்டமான ஆள், குரல் மட்டும் மெதுவாக இருக்கும். ஜன்னல் வழியாகப் பேசாமல் நேராக உள்ளே வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"போஸ்ட் மாஸ்டர், ஒரு சின்ன ஒத்தாசை. அவன் ஜெயில்லருந்து எழுதுற லெட்டர், அவன் வீட்டுலருந்து அவனுக்குப் போற லெட்டர், ரெண்டும் எங்கிட்ட வந்துட்டுப் போகட்டும். கான்ஸ்டபிள் மத்தியானம் வருவார். எடுத்து வச்சிருந்தாப் போதும்."

"ஜெயில்லயே படிச்சுட்டு முத்திரை குத்தித்தானே சார் அனுப்புவாங்க?"

"அது அவங்க வேலை. இது என் வேலை. மேலிடத்து விஷயம். உங்களுக்கும் எனக்கும் எதுக்கு வம்பு?"

"சரிங்க சார்" என்றேன். காப்பி வரவழைத்துக் கொடுத்தேன். உத்தரவு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தோன்றியது. காப்பி ஆற்றும்போதே தோன்றியது. கேட்கப் பயமாக இருந்தது.

பங்குனியில் முதல் கடிதம் வந்தது. மடித்து ஒட்டிய கவர், மேலே சிறையின் ஊதா முத்திரை. அதைத் தனியே எடுத்து வைத்தேன். மத்தியானம் கான்ஸ்டபிள் வந்து வாங்கிக்கொண்டு போனார். கையெழுத்து எதுவும் போடவில்லை. போய்விட்டு வரும் என்று எஸ்.ஐ. சொன்ன கடிதம் திரும்பி வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் சந்தை. அந்தப் பெண் சந்தைக்கு வருகிற கூட்டத்தோடு நடந்து வருவார். சந்தையில் அவருக்கு வாங்கவோ விற்கவோ ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. நேராகத் தபாலாபீஸ் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"அய்யா, எங்க வீட்டுக்காரரு கடுதாசி எதும் வந்துருக்கா?"

"இல்லம்மா."

"நல்லாப் பாருங்கய்யா."

நான் கடிதக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பதுபோல நடித்துவிட்டு மறுபடியும் இல்லை என்பேன். "சரி, வாரேன்" என்று போய்விடுவார். முதல் தடவை நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் தடவை சரளமாக வந்தது.

அவருக்கு எழுதத் தெரியாது. அவர் ஊர்க் கடைக்காரரிடம் சொல்லி எழுதி, சித்திரையில் ஒரு கடிதம் கொண்டுவந்து பெட்டியில் போட்டார். பெட்டியைத் திறந்து அதைப் பொறுக்கி எடுத்தது நான்தான். வேறு யாரும் இல்லை.

தபால்காரர் என்னைவிட இரண்டு வயது பெரியவர், ஏர்வாடிக்காரர். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் அந்தப் பெண் போன பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "சார், இல்லைன்னு நீங்க சொல்லுங்க. என்னையச் சொல்லச் சொல்லாதீக. நாளைக்கு அல்லாகிட்ட நானும் பதில் சொல்லணும்." அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பெண் வரும் நேரத்துக்கு அவர் ஆபீசில் இருப்பதில்லை.

வைகாசியில் இரண்டு செவ்வாய் அந்தப் பெண் வரவில்லை. கடைக்காரர் கையெழுத்தில் அவருடைய இரண்டாவது கடிதம் மட்டும் பெட்டியில் கிடந்தது. யாரோ சந்தைக்கு வந்தவர்கள் போட்டிருக்க வேண்டும். அதுவும் கான்ஸ்டபிள் கைக்குப் போனது. ஆனி பிறந்ததும் அவரே வந்தார், மார்போடு சேலைத் துணி சுற்றிய குழந்தையோடு. குரல் தளர்ந்திருந்தது. அன்றைக்கும் இல்லை என்றேன்.

மத்தியானம் சாப்பிட உள்ளே போனபோது என் மனைவி சோறு போடவில்லை. கதவருகே நின்றுகொண்டிருந்தாள். நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் அவளுக்குக் கேட்கும்.

"பச்ச உடம்போட நாலு மைல் நடந்து வந்துருக்கு. நீங்க இல்லேங்குறீக. காலைல பையப் பிரிக்கும்போது கவர் வந்ததை நானே பாத்தேன்."

"அது போலீஸ் விஷயம். உனக்குத் தெரியாது."

"எனக்கு எதுவும் தெரிய வேணாம். அந்தப் புள்ள மொகத்தப் பாத்தீகளா?"

நான் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் எதையும் பார்க்காமல் பேசப் பழகியிருந்தேன். அன்று கான்ஸ்டபிள் எடுத்துப்போனது சிறையிலிருந்து வந்த மூன்றாவது கடிதம்.

நாலாவது வந்தது கவர் அல்ல, கார்டு. கார்டை யாரும் பிரிக்க வேண்டியதில்லை. கையில் எடுத்தால் கண் தானாக ஓடிவிடும். பென்சில் எழுத்து. முதல் வரியில் வழக்கம்போல, நான் சுகம். பிறகு இப்படி எழுதியிருந்தது: "மூணு கடுதாசி போட்டுவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பிள்ளை பிறந்ததா? நீ உயிரோடு இருக்கிறாயா? உனக்கு என்மேல் கோபம் என்றாலும் சரி. உனக்கு ஏதும் ஆகிவிட்டது என்றால் மறைக்காமல் யாராவது ஒரு வரி எழுதுங்கள். இங்கே ராவும் பகலும் ஒன்றாகப் போய்விட்டது." அதற்குக் கீழே, மதுரையில் ஒரு வக்கீல் கோர்ட்டில் மனுப்போட ஒப்புக்கொண்டிருக்கிறார், அவரைப் போய்ப் பார், கைநாட்டு வைத்துக் கொடு என்று நுணுக்கி எழுதி, விலாசமும் போட்டிருந்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. கார்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிமிர்த்தி வைத்தேன். அலமாரியிலிருந்து இலாகா விதிப் புத்தகத்தை எடுத்தேன். பரீட்சைக்குப் படித்த புத்தகம்தான். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அதிகாரம் பெற்றவர்கள் எழுத்து மூலமாக உத்தரவு தராமல் யாருடைய தபாலையும் நிறுத்தக் கூடாது, பிரிக்கக் கூடாது, பிறரிடம் கொடுக்கக் கூடாது. விதி இருந்தது. நான்கு மாதமாக எனக்குப் பின்னால் இரண்டு முழத் தூரத்தில் இருந்தது.

மத்தியானம் கான்ஸ்டபிள் வந்தார். எழுத்தில் உத்தரவு வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் போய்விட்டார். அரை மணி நேரத்தில் எஸ்.ஐ.யே சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன போஸ்ட் மாஸ்டர், திடீர்னு சட்டம் பேசுறீராம்?"

"எழுத்துல ஒரு உத்தரவு குடுங்க சார். அடுத்த நிமிஷம் எடுத்துத் தாரேன்."

"இத்தனை நாள் எந்த எழுத்துல குடுத்தீரு?"

"அது என் தப்பு."

"அவன் யாருன்னு தெரியுமா? இந்தச் சர்க்காரையே வேணாங்குற கூட்டம். அவனுக்கு நீரு வக்காலத்தா?"

"நான் யாருக்கும் வக்காலத்து இல்ல சார். பதர் இல்லாத நெல்லு கேட்டாருன்னுதான் கேள்விப்பட்டேன்."

அதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது. அவர் எழுந்தார். குரல் அப்போதும் உயரவில்லை.

"எழுத்துல கேட்டீருல்ல. வரும். ஆனா அது உமக்கு வரும்."

அவர் போய் ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வந்துருக்கும்மா, உள்ள வாங்க" என்றேன். அவர் நம்பாமல் வாசலிலேயே நின்றார். என் மனைவி வந்து கூட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தாள். நான் கார்டைப் படித்துக் காட்டினேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. குழந்தையை மடி மாற்றிக்கொண்டு கேட்டார்.

"மூணு போட்டேன்னு எழுதிருக்காகளே. அது எங்க?"

சொன்னேன். அவர் எழுதிய இரண்டையும் நானே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்ததையும் சொன்னேன்.

"நல்லாப் பாருங்கன்னு சொன்னேன். நீங்களும் பாத்தீக. பாத்துட்டு இல்லன்னீக."

"ஆமாம்மா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முந்தானையால் ஒருதரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு கடுதாசி எழுதணும். எழுதுங்க" என்றார். காகிதத்தை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"நான் உசுரோட இருக்கேன். பொம்பளப் புள்ள பொறந்துருக்கு. ஒங்க ஆத்தா சாடைல இருக்கு. வக்கீலப் பாக்க நாளைக்கே போறேன். ஒங்க கடுதாசி எதுவும் எங்கிட்ட வரல. வந்தத எல்லாம் போஸ்ட் மாஸ்டரு போலீசுக்குக் குடுத்துட்டாரு."

நான் பேனாவை நிறுத்தினேன். "இந்த வரிய ஜெயில்ல மை பூசி அடிச்சிருவாங்கம்மா."

"அவுக அடிச்சா அடிக்கட்டும். நீங்க எழுதுங்க."

எழுதினேன். என் குற்றத்தை என் கையெழுத்திலேயே எழுதி, அவர் கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்து ரேகை வாங்கி, பதிவுத் தபாலாக்கி, பிற்பகல் பையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தேன். பஸ் கிளம்பும்வரை கூடவே நின்றேன்.

எனக்கு வர வேண்டியது பத்தாம் நாள் வந்தது. முதலில் போலீஸ் வந்தது. எஸ்.ஐ.யும் மூன்று கான்ஸ்டபிள்களும் பட்டப்பகலில் வீட்டுக்குள் நுழைந்து டிரங்குப் பெட்டியைக் கொட்டினார்கள். சோதனை போட உத்தரவு இருக்கிறதா என்று கேட்டேன். "எதுக்கெடுத்தாலும் எழுத்துதானா உமக்கு?" என்றார் எஸ்.ஐ. ஒன்றும் கிடைக்காமல், என் மனைவிக்கு அவள் தாயார் எழுதிய கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். கல்யாணமானதிலிருந்து வந்தவை. நூல் கட்டி வைத்திருந்தாள். பின்னாலேயே வாசல்வரை போய், "அது எங்க அம்மா எழுதுனதுங்க, சமையலும் சீக்கும்தான் இருக்கும், குடுத்துட்டுப் போங்க" என்று கேட்டாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு எங்கள் மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். நல்ல மனிதர்தான். விதிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"கார்டைக் கொடுக்க மறுத்தது விதிப்படி சரி. முன்னாடி மூணு கவரும், பெட்டியில போட்ட ரெண்டு கடிதமும் எங்கே?"

"போலீஸ்ல வாங்கிட்டுப் போனாங்க."

"அப்படி எதையும் கேட்கவும் இல்லை, வாங்கவும் இல்லைன்னு ஸ்டேஷன்லருந்து எழுதியிருக்காங்க. உம்மகிட்ட ரசீது இருக்கா?"

இல்லை. கான்ஸ்டபிள் வாங்கிப்போனதைப் பார்த்ததாகத் தபால்காரர் தைரியமாகச் சொன்னார். அதிகாரி தலையாட்டினார், ஆனால் அவர் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை. ஆக, காகிதத்தில் நடந்தது என்னவென்றால், ஐந்து தபால்கள் காணாமல் போயின, காணாமல் போக்கியது நான். வாய்வார்த்தையாக உத்தரவு போட்டவர் எங்கேயும் இல்லை. எழுத்துக்கு ஏன் அப்படிப் பயந்தார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. தண்டனை அநியாயம் என்று என்னால் சொல்லவும் முடியவில்லை. குற்றம் நடந்தது நிஜம், கொடுத்த கை என்னுடையது. போஸ்ட் மாஸ்டர் பதவி போய், சாதாரணக் குமாஸ்தாவாக ராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டேன். அங்கே வந்த பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் எங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் ஓரம் கிழிந்து, பசை போட்டு மறுபடி ஒட்டியபடிதான் வந்தன. என் மனைவி தன் தாயாருக்கு எழுதுவதையே குறைத்துக்கொண்டாள். சும்மா எழுத உட்கார்ந்தாலும், யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று படிப்பதுபோல இருக்கிறது என்பாள்.

களத்தில் பிடிபட்டவர் கதையைத் தபால்காரர் அவ்வப்போது எழுதித் தெரிவித்தார். அந்தப் பெண் கைக்குழந்தையோடு மதுரைக்குப் போய் வக்கீலைப் பார்த்தார். மனு சென்னைக்குப் போனது. பிடித்து வைத்ததற்குச் சொன்ன காரணம் காரணமே இல்லை என்று கோர்ட்டில் விடுதலை செய்தார்கள். சிறை வாசலுக்கு வெளியே வந்து நாலு எட்டு வைப்பதற்குள் புதிய உத்தரவு ஒன்றைக் காட்டி மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டாம் தடவை அவர் வெளியே வந்து ஊர் சேர்ந்தபோது, குழந்தை நடக்கப் பழகி, ஆளைப் பார்த்துப் பயந்து ஓடியதாம்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, சீனாவோடு சண்டை மூண்டு நெருக்கடி நிலை அறிவித்திருந்த சமயம். ஆபீஸ் வேலையாக மண்டபம் வந்துவிட்டுத் திரும்ப ரயிலுக்குக் காத்திருந்தேன். தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிற கூட்டம். என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டவர் அந்தப் பெண்தான். கணவரிடம் ஏதோ சொன்னார். அவர் எழுந்து என்னிடம் வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் தாவணி போடும் வயதில் மகள்.

"நீங்கதானா அது" என்றார். பிறகு, "ஆத்தாவுக்குத் திதி குடுக்கப் போறோம்" என்றார். அவரே பேசினார்.

"அடிச்சது, பட்டினி போட்டதெல்லாம் மறந்துபோச்சு. அந்த நாலு மாசம் மட்டும் மறக்கல. இவ செத்துட்டான்னு முடிவே பண்ணிட்டேன். மனசுக்குள்ள எடுத்துப்போட்டு எரிச்சும் முடிச்சுட்டேன். அப்புறம் ஒங்க கையெழுத்துல ஒரு கடுதாசி வருது, நான் உசுரோட இருக்கேன்னு. ஒரு வரி மை பூசி அடிச்சிருந்துச்சு. அது என்னன்னு வெளிய வந்து இவகிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"என்னை மன்னிச்சிரணும்" என்றேன்.

அவர் கீழே இருந்த மூட்டையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்தான் கேட்டார்: "இப்பவும் அப்படித்தான் எடுக்குறாகளா?"

பொய் சொல்லியிருக்கலாம். "எடுக்குறாங்கம்மா. இப்ப எழுத்துல உத்தரவு வருது. பேர் போட்டுப் பட்டியல் வருது."

"எழுதிட்டாச் சரியாப் போயிருமா?"

ரயில் வந்துவிட்டது. கூட்டத்தில் அவர்கள் ஒரு பெட்டியிலும் நான் வேறொரு பெட்டியிலும் ஏறினோம். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

அந்த வாரமே பட்டியலில் இருந்த ஒருவருக்கு ஒரு கவர் வந்தது. அவர் தீவிலேயே சின்னதாகக் கடை வைத்திருந்தவர். இலங்கையில் தம்பி இருந்தார். குறிப்பேட்டில் பதிந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, உத்தரவின்படி ஒப்படைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் ஜன்னலுக்கு வந்து, தம்பியிடமிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டார். தபால் எடுக்கப்பட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் அந்த உத்தரவிலேயே இருந்தது.

"வந்தது" என்றேன். "அதிகாரிகள் வாங்கிட்டுப் போயிருக்காங்க. உங்க தம்பி எழுதாம இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு படியிறங்கிக் கடைக்குப் போய்விட்டார்.